ராக்கெட்டின் முன்னோடி மாவீரன் திப்பு சுல்தான்



ராக்கெட் என்று சொன்னால் உடனே நமக்கு ஸ்ரீஹரிகோட்டா, சந்திரயான், அப்துல் கலாம் ஐயா இவங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனால் அதுக்கெல்லாம் 200 வருஷம் முன்னாடியே இரும்பு ராக்கெட் செஞ்சு போரில் விட்ட ஒரு ராஜா இருந்தார். அவர்தான் திப்பு சுல்தான். மைசூர் ராஜாவைப் பற்றி திருவண்ணாமலைப் பள்ளிக்கூடச் சுவரில் எதுக்கு எழுதணும் என்று நினைக்காதீங்க. அவருடைய கதையில் பாதி நம்ம பக்கத்தில்தான் நடந்திருக்குது. ஆற்காடு, செங்கம், ஆரணி, வேலூர், கடைசியில் நம்ம ஊரே வருது. படிச்சுப் பாருங்க.

திப்பு 1750ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளியில் பிறந்தார். அப்பா ஹைதர் அலி, அம்மா ஃபக்ருன்னிசா. ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா என்ற பெரியவரின் தர்கா இருக்கிறது. அங்கே வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால் அவர் பெயரையே வைத்தார்கள். அதாவது அந்தப் பேரே ஆற்காட்டுப் பேர்!

பேர் மட்டும் இல்லை, ராக்கெட்டும் ஆற்காட்டிலிருந்துதான் அந்தக் குடும்பத்துக்கு வந்தது. திப்புவின் தாத்தா ஃபத் முகமது ஆற்காட்டு நவாபின் படையில் 50 வாணக்காரர்களுக்குத் தலைவராக இருந்தார். அப்போது வாணம் என்பது மூங்கில் குழாயில் மருந்து அடைத்தது. பெரும்பாலும் சைகை காட்டத்தான் அதை விடுவார்கள். தூரத்தில் இருக்கிற படைக்கு, இங்கே வா, அங்கே போ என்று தெரிவிக்க. தாத்தா மூங்கிலில் விட்டதை அப்பா ஹைதர் இரும்புக்கு மாற்றினார். பேரன் திப்பு அதைப் பெரிய படையாகவே ஆக்கினார். மூணு தலைமுறை ஒரே வேலையில் இருந்திருக்காங்க. நம்ம ஊரில் கொல்லர் வீட்டிலும் தச்சர் வீட்டிலும் இருக்கிற மாதிரிதான்.

ஹைதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகனுக்கு நல்ல ஆசிரியர்களை வைத்து உருது, பாரசீகம், அரபி, கன்னடம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். குதிரை ஏற்றம், வாள் வீச்சு, துப்பாக்கி சுடுவது இதெல்லாம் கூடவே. ஹைதரிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர்களிடம் புது மாதிரி போர்ப்பயிற்சியும் திப்பு கற்றுக்கொண்டார்.

1767ல் மைசூருக்கும் ஆங்கிலேயருக்கும் முதல் போர் வந்தது. அந்தப் போரின் முக்கியமான சண்டைகள் எங்கே நடந்தது தெரியுமா? முதலில் செப்டம்பர் 3ஆம் தேதி செங்கத்தில். நம்ம ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஹைதரும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம், ஆங்கிலத் தளபதி கர்னல் ஸ்மித் ஒரு பக்கம். அப்புறம் அதே மாதம் 26ஆம் தேதி நம்ம திருவண்ணாமலையிலேயே பெரிய சண்டை. அதில் ஹைதர் தோற்றுவிட்டார். அப்போது திப்புவுக்கு 17 வயசுகூட முடியவில்லை. பிளஸ் ஒன் படிக்கிற அண்ணன் வயசு. அந்த வயசில் ஒரு குதிரைப் படையோடு சென்னை வரைக்கும் போய், நகரத்தைச் சுற்றி இருந்த வெள்ளைக்காரர்களின் தோட்ட பங்களாக்களைக் கலங்கடித்துக்கொண்டு இருந்தார். திருவண்ணாமலையில் அப்பா தோற்றார் என்ற செய்தி வந்ததும் சென்னையை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பி வந்தார். அந்தச் செய்தியில் நம்ம ஊர்ப் பேரைத்தான் அவர் முதலில் கேட்டிருப்பார் என்று நினைச்சா எனக்கு ஒரு மாதிரி இருக்குது.

இப்போ ராக்கெட்டுக்கு வருவோம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

தீபாவளிக்கு நாம விடுகிற ராக்கெட்டை ஒரு தடவை கையில் வெச்சுப் பாருங்க. ஒரு காகிதக் குழாய், உள்ளே மருந்து, அடியில் திரி, பக்கத்தில் ஒட்டின நீளக் குச்சி. அவ்வளவுதான். மருந்து எரியும்போது புகை அடிப்பக்கம் வேகமாகப் பாயும். குழாய் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி, ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நம்ம அறிவியல் புத்தகத்தில் இருக்குதே, அதேதான். குச்சி எதுக்கு என்று பல பேர் கேட்க மாட்டாங்க. குச்சிதான் ராக்கெட்டை நேராகப் போக வைக்கிறது. குச்சி ஒடிஞ்ச ராக்கெட் சுத்திச் சுத்தி எங்கே வேணும்னாலும் போகும், நம்ம மேலேயே வரும். (செஞ்சு பாக்காதீங்க.)

காகிதத்திலும் மூங்கிலிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. மருந்தை ரொம்ப இறுக்கி அடைச்சா உள்ளே அழுத்தம் தாங்காமல் குழாய் வெடிச்சுப் போகும். அதனால் கொஞ்சம்தான் அடைக்க முடியும், கொஞ்ச தூரம்தான் போகும். மைசூர்க்காரர்கள் குழாயை இரும்பில் செய்தார்கள். அடித்துப் பதமாக்கின மெல்லிய இரும்புத் தகட்டை உருட்டி, ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் ஓட்டை விட்டு, உள்ளே வெடிமருந்தை இறுக்கி அடைத்தார்கள். வெடிமருந்து என்றால் வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூணும் சேர்ந்தது. குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், அதாவது நம்ம ஸ்கேலில் முக்கால் அளவைவிடக் கம்மி. அதைத் தோல் வாரால் ஒரு நீள மூங்கிலில் கட்டினார்கள். சிலதில் மூங்கிலுக்குப் பதிலாக வாளையே கட்டிவிட்டார்கள். அது கீழே விழும்போது சுழன்று வெட்டும். படிக்கும்போதே பயமா இருக்குது.

இரும்பு அழுத்தத்தைத் தாங்கியதால் தூரம் கூடியது. அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மருந்து அடைச்ச ராக்கெட் சுமார் 900 மீட்டர் போனது. பெரிய ராக்கெட்டுகள் 2 கிலோமீட்டர் வரைக்கும் போயின. நம்ம பெரிய கோயில்கிட்ட நின்னு விட்டால் ரமணாசிரமம் வரைக்கும் போகும் என்று வெச்சுக்கங்க. அந்தக் காலத்தில் உலகத்தில் வேற எந்தப் படையிடமும் இப்படி ஒரு ராக்கெட் கிடையாது.

உண்மையைச் சொல்லணும் என்றால், அது குறி பார்த்த இடத்தில் சரியாகப் போய் விழாது. பீரங்கிக் குண்டுதான் அதைவிட நேராகப் போகும். ஆனால் பீரங்கியை மாடு கட்டி இழுக்கணும், சேற்றில் மாட்டிக்கும். ராக்கெட்டை ஒரு ஆள் தோளில் தூக்கிக்கிட்டு ஓடலாம். சீறிக்கிட்டு, நெருப்பு வாலோடு, தரையில் பாம்பு மாதிரி குதிச்சு குதிச்சு வந்தா குதிரையும் மாடும் மிரண்டு ஓடாமல் என்ன செய்யும்? குதிரை ஓடினால் படை கலைஞ்சுடும். அதுதான் அதன் பலம்.

ஹைதர் காலத்தில் வாணக்காரர்கள் சுமார் 1,200 பேர். திப்பு காலத்தில் சுமார் 5,000 பேர் ஆகிவிட்டார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 200 பேர் என்று கணக்கு. ராக்கெட்டின் பருமன் எவ்வளவு, எதிரி எவ்வளவு தூரம் என்று பார்த்து எவ்வளவு சாய்வில் வைக்கணும் என்று கணக்குப் போடப் பழக்கினார்கள். (கோணம் எதுக்குப் படிக்கணும் என்று கேட்கிறவங்க கவனிக்கணும்.) சக்கர வண்டியில் வைத்து ஒரே நேரத்தில் ஐந்து, பத்து ராக்கெட்டுகளை விடுகிற ஏற்பாடும் இருந்தது. இதுக்கெல்லாம் விதிமுறை போட்டு ஃபத்ஹுல் முஜாஹிதீன் என்று பாரசீக மொழியில் ஒரு ராணுவப் புத்தகமே திப்பு தயாரிக்க வைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்கா, பிதனூர் ஆகிய ஊர்களில் ராக்கெட் பட்டறைகள் இருந்தன. அந்தத் தெருக்களுக்குத் தாராமண்டல்பேட்டை என்று பேர். நட்சத்திரக் கூட்டம் என்று அர்த்தமாம். எவ்வளவு அழகான பேர் பாருங்க! ஆனால் அங்கே துருத்தி ஊதி, சம்மட்டி அடிச்சு, வெடிமருந்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செஞ்ச கொல்லர்களின் பேர் நிலைக்கவில்லை. ராஜா பேர்தான் நிலைச்சுது. என்னைக் கேட்டால் முன்னோடி என்று அவங்களையும்தான் சொல்லணும்.

1780 ஜூலையில் இரண்டாம் மைசூர்ப் போர். ஹைதர் பெரும் படையோடு மலையிலிருந்து இறங்கி வந்த வழி மறுபடியும் நம்ம செங்கம் கணவாய்தான். செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர் என்ற ஊரில் ஆங்கிலத் தளபதி கர்னல் பெய்லியைத் திப்புவும் ஹைதரும் சூழ்ந்துகொண்டார்கள். பெய்லியிடம் சுமார் 3,800 பேர் இருந்தார்கள். சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் மன்றோ என்ற இன்னொரு தளபதி பெரிய படையோடு இருந்தார். ஆனால் சமயத்துக்கு வரவில்லை. சண்டை நடுவில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. ராக்கெட் விழுந்துதான் வெடிச்சுது என்று நிறையப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள், பீரங்கிக் குண்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியோ, வண்டி போனதும் பெய்லியின் படைக்குச் சுடுவதற்கு மருந்தே இல்லாமல் போனது. இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரைக்கும் அப்படி ஒரு அடி வாங்கியதில்லை. பெய்லியைப் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோனார்கள். 1782ல் சிறையிலேயே இறந்துபோனார். வண்டி வெடிக்கிற அந்தக் காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகவே வரைந்திருக்கிறார்கள். மன்றோ தன் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு சென்னைக்கு ஓடினார்.

வெற்றி என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அது சரியில்லை. ஹைதரின் படை போன வழியெல்லாம் ஊர்களைக் கொளுத்தியது, பயிரை அழித்தது. அதுக்கு அப்புறம் 1781, 1782ல் சென்னைப் பக்கம் பெரிய பஞ்சம் வந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

1782 ஜூன் மாதம் ஆரணியில் ஒரு சண்டை. அந்த வருஷம் டிசம்பர் 7ஆம் தேதி சித்தூர் பக்கத்தில் முகாமில் ஹைதர் அலி இறந்தார். திப்பு அப்போது மலபாரில் இருந்தார். அவர் வந்து சேரும் வரைக்கும் அப்பா இறந்த சேதியை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பிறகு திப்பு மைசூர் சுல்தான் ஆனார். 1784ல் போர் முடிந்தது. பட்டு வளர்ப்பு, புது நாணயம், புது காலண்டர் என்று திப்பு நிறையச் செய்தார், அதையெல்லாம் எழுத இந்தத் தாளில் இடம் இல்லை.

இது வரைக்கும் எழுதி என் தோழி ஒருத்தியிடம் காட்டினேன். அவள் படிச்சுட்டு, நம்ம ஊரை முற்றுகை போட்ட ஆளைப் போய் மாவீரன் என்று தலைப்பு போட்டிருக்கிறாயே என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். நம்ம கோயில் மதில் கோட்டை மாதிரி உயரமாக இருக்கிறது இல்லையா, அதனால் அந்தக் காலத்தில் சண்டை போட வந்தவங்க எல்லாம் கோயிலையே கோட்டையாக ஆக்கிக்கொண்டார்கள். 1753லிருந்து சுமார் 40 வருஷத்துக்குள் நவாப் ஆட்கள், மராத்தியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்க்காரர் என்று மாத்தி மாத்தி முற்றுகை போட்டிருக்கிறார்கள். கடைசியாக வந்தவர் திப்பு. 1790ஆம் ஆண்டு முடிகிற சமயத்தில் முதலில் தியாகதுர்கத்தைத் தாக்கினார். அங்கே முடியவில்லை. உடனே திருவண்ணாமலை மேல் திரும்பினார். நம்ம ஊர் விழுந்துவிட்டது. யார் ஜெயித்தாலும் அடி வாங்கியது மாட வீதியில் குடியிருந்த ஜனங்கதான்.

தோழி கேட்டதை எங்க வரலாறு டீச்சரிடம் சொன்னேன். அவங்க ரெண்டு பக்கத்தையும் எழுதச் சொன்னாங்க. அதனால் எழுதுகிறேன். குடகிலும் மலபாரிலும் திப்பு ஜனங்களைக் கொடுமையாக நடத்தினார், ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார். அதே திப்பு, 1791ல் மராத்தியப் படை சிருங்கேரி மடத்தைக் கொள்ளை அடித்தபோது, மடத்தைத் திரும்பக் கட்டப் பணமும் பொருளும் அனுப்பினார். அவர் கோட்டைக்குள்ளேயே ரங்கநாதர் கோயில் இருந்தது, பூஜையும் நடந்தது. இதில் ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைச்சா அது வரலாறு இல்லை. தலைப்பை நான் மாத்தல. ஆனால் தோழிக்கு இன்னும் சம்மதம் இல்லை, அதையும் இங்கே எழுதணும் என்று கேட்டாள், எழுதிவிட்டேன்.

மூன்றாம் போரில் திப்பு தோற்றார். 1792ல் பாதி ராஜ்யம் போனது, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்டணும் என்றார்கள். பணம் கட்டி முடிக்கும் வரைக்கும் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கிக்கொண்டார்கள். ரெண்டு பேரும் சின்னப் பசங்க, ஆரம்பப் பள்ளியில் படிக்கிற வயசு.

1799ல் கடைசிப் போர். ஏப்ரல் 5ஆம் தேதி ராத்திரி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற ஆங்கிலத் தளபதி படையோடு நுழைந்தார். இருட்டு. ராக்கெட்டும் துப்பாக்கிக் குண்டும் எல்லாப் பக்கமும் பாய்ந்து வந்தன. படை சிதறிப் போய், அவரே வழி தெரியாமல் பின்வாங்கினார். 1815ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு இவர்தான்! ஆனால் மறுநாள் பகலில் பெரிய படையோடு வந்து தோப்பைப் பிடித்துவிட்டார். மே 2ஆம் தேதி ஆங்கிலேயரின் குண்டு ஒன்று கோட்டைக்குள் ராக்கெட் வைத்திருந்த கிடங்கில் விழுந்து எல்லாம் வெடித்தன. மே 4ஆம் தேதி மதியம் மதிலை உடைத்து உள்ளே வந்தார்கள். திப்பு ஓடிப் போகவில்லை. கோட்டை வாசல் பக்கம் சண்டை போட்டே இறந்தார். வயது 48. பிணக் குவியலுக்கு நடுவில்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள்.

அவர் பிள்ளைகளையும் குடும்பத்துப் பெண்களையும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். கோட்டைக்குள் ஹைதர் மகால், திப்பு மகால் என்று இருப்பது அதனால்தான். 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூரில் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்து திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஒரே நாளில் அது அடக்கப்பட்டது, பிறகு பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்களின் கல்லறைகள் வேலூரில் இருக்கின்றன. கோட்டை பார்க்கச் சுற்றுலா போகிறவங்க அதையும் கேட்டுப் பார்த்துட்டு வாங்க.

திப்பு போய்விட்டார், ராக்கெட் போகவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் ஆங்கிலேயர் எண்ணிப் பார்த்ததில் ராக்கெட் விடுகிற கருவிகள் 600, விடத் தயாராக இருந்த ராக்கெட்டுகள் 700, மருந்து அடைக்காத குழாய்கள் 9,000 இருந்தன. சிலவற்றைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குப் பக்கத்தில் வுல்விச் ஆயுதச் சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் அதைப் பிரித்துப் பார்த்து, அளந்து, மருந்துக் கலவையை மாற்றி மாற்றிச் சோதனை செய்து, புது ராக்கெட் செய்தார். 1806ல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தின் மேலும், 1807ல் கோபன்ஹேகன் நகரத்தின் மேலும் அதை விட்டார்கள். 1814ல் அமெரிக்காவில் பால்டிமோர் கோட்டை மேல் விட்டார்கள். அமெரிக்காவின் தேசிய கீதத்தில் ராக்கெட் என்று ஒரு வார்த்தை வருகிறதே, அது அன்னிக்கு விட்ட ராக்கெட்தான். நம்ம பக்கத்துச் சண்டையில் விட்ட வாணம் அவங்க தேசிய கீதம் வரைக்கும் போயிருக்குது!

இங்கே எனக்கு ஒரு வருத்தம். தோற்கடித்தவர்கள் ராக்கெட்டை எடுத்துப் போய் ஆராய்ச்சி செய்தார்கள். செய்யத் தெரிஞ்சவர்கள் இருந்த பட்டறைகளில் நெருப்பு அணைஞ்சுது. கிட்டத்தட்ட 164 வருஷம் கழிச்சு, 1963 நவம்பர் 21ஆம் தேதி கேரளாவில் தும்பாவில்தான் மறுபடியும் நம்ம நாட்டிலிருந்து ஒரு பெரிய ராக்கெட் கிளம்பியது. அதுவும் அமெரிக்கா கொடுத்த ராக்கெட். (திப்பு பிறந்த நாளுக்கு மறுநாள். இதை நானாகத்தான் கண்டுபிடிச்சேன்.)

அந்த 1963ஆம் ஆண்டு நம்ம கலாம் ஐயா பயிற்சிக்காக அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தீவு நிலையத்துக்குப் போனார். அங்கே வரவேற்பு அறையில் ஒரு ஓவியம் மாட்டியிருந்தது. போர்க்களம், பின்னால் ராக்கெட்டுகள் பறக்கின்றன. ராக்கெட் விடுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, கறுப்பு நிறம். கிட்டப் போய்ப் பார்த்தால் அது திப்புவின் படை. நம்ம நாட்டில் மறந்துபோனதை அங்கே மாட்டி வைத்திருந்தார்கள் என்று ஐயா தன் அக்னிச் சிறகுகள் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

2018 ஜூலையில் கர்நாடகாவில் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற கிராமத்தில் தொல்லியல் துறையினர் ஒரு பழைய வறண்ட கிணற்றைத் தோண்டினார்கள். அந்த ஊர்தான் முன்பு சொன்ன பிதனூர். தோண்டத் தோண்ட மண்ணில் வெடிமருந்து வாசனை வந்ததாம். கீழே துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், ஒண்ணு ரெண்டு இல்லை, ஆயிரத்துக்கும் மேல். பல குழாய்களுக்குள் மருந்து அப்படியே இருந்தது.

– 9ஆம் வகுப்பு மாணவி